காம்புப் பக்கம் ஒரு துண்டு

1985 மே 10, வெள்ளிக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். ஆறு மணிக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். வெண்டைக்கு எட்டுக் குடம், கத்தரிக்கு ஆறு, பாகலுக்கு இரண்டு. ஏழு மணிக்கு மழை டப்பாவைப் பார்த்தேன். வறண்டிருந்தது, அடியில் ஓர் எறும்பு மட்டும். நாட்குறிப்பில் மழைக்கான கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். அந்தப் பக்கத்தில் காலையில் எழுதியது அவ்வளவுதான். மீதியை மூன்று நாள் கழித்து எழுதினேன். அந்தப் பக்கத்தை எதிரில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். என் நினைவு ஒன்று சொல்லி, பக்கம் வேறொன்று சொல்லும் இடங்களில் பக்கத்தையே நம்பியிருக்கிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. ஜமுனாமரத்தூரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு மலைச் சிற்றூரின் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியர். பள்ளிக்குப் பின்னால் ஓட்டு வீடு, வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் அளவில் தோட்டம். ஒன்பது வருடமாக அங்கே இருந்தோம். மழை டப்பா என்று நான் சொல்வது மேல் மூடியைச் சீராக வெட்டி எடுத்த பிஸ்கட் தகரம். தோட்டத்து நடுவில் கல்மேடை கட்டி, மட்டம் பார்த்து அதில் வைத்திருந்தேன். தினமும் காலை ஏழு மணிக்கு மர ஸ்கேலை உள்ளே விட்டு அளப்பேன். ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட விட்டதில்லை. காய்ச்சலில் படுத்திருந்த நாட்களிலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை, நானும் என் மனைவியும் பேசிக்கொள்ளாத பதினாறாவது நாள்.

எங்கள் ஒரே மகளைப் போளூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். ஆடியில் அவளுக்குத் தலைப்பிரசவம். பெண்ணை மலைக்கு அனுப்ப மாட்டோம், அவசரத்துக்கு ஒரு வண்டி கிடைக்காத இடம் என்று சம்பந்தி வீட்டார் சொல்லிவிட்டார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வராமல் பெண் மாமியார் வீட்டிலேயே கிடப்பதை என் மனைவியால் தாங்க முடியவில்லை. சந்தவாசலில் அவளுடைய அண்ணன் வீடு இருந்தது. அந்தப் பக்கம் எனக்கு மாற்றல் கிடைத்தால், ஆடிக்குள் ஒரு வீடு பார்த்து மகளை அழைத்து வந்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். ஜனவரியில் அவள் பார்க்கவே மாற்றல் விண்ணப்பம் எழுதி அனுப்பினேன். மார்ச்சில் அவளிடம் சொல்லாமல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

ஏன் என்று கேட்டால், இன்றும் கௌரவமான பதில் என்னிடம் இல்லை. கீழே வாடகை வீட்டில் தோட்டம் இருக்காது. மழைக் கணக்கு ஒன்பதோடு நின்றுவிடும். பத்தாவது வருடத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அதற்குள் பேரன் பிறந்து தவழத் தொடங்கியிருப்பான் என்பது என் மனதில் அப்போது படவே இல்லை.

ஏப்ரல் 25, வியாழக்கிழமை, சந்தவாசலிலிருந்து ஒரு சக ஆசிரியர் வந்தார். மோர் குடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

“இன்னா சார், அவனவன் எறங்கிப் போவ ஆளப் புடிக்கிறான். நீங்க வோணாம்னு எழுதிக் குடுத்துட்டீங்களாமே?”

என் மனைவி இரண்டாவது தம்ளரோடு நின்றிருந்தாள். “அப்படீங்களா” என்று அவரிடம் சொன்னாள். தம்ளரை அவர் கையில் கொடுத்தாள். அவர் கிளம்பிப் போன பிறகு என்னிடம் ஒரு வாக்கியம் சொன்னாள்.

“எம் பொண்ணு வவுத்தத் தள்ளிகினு யார் வூட்ல படுக்கணும்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டீங்க.”

அதுதான் கடைசிப் பேச்சு. அதன்பின் அவள் பேசியதெல்லாம் கோழியிடம். எங்களிடம் நான்கு கோழிகள் இருந்தன. அவற்றில் கழுத்தில் இறகு இல்லாத ஒன்றுக்குத்தான் எல்லா ஏச்சும் விழும். “எழுதி எழுதி இன்னாத்தக் கண்ட? போ, போயி முட்ட வெச்ச தேதிய எழுதி வெச்சிக்கோ” என்பாள். நான் நாட்குறிப்பை மூடிவிட்டுத் தோட்டத்துக்குப் போவேன். மே 2 அன்று குழம்பில் உப்பு இல்லை. மே 6 அன்று காரம் இரண்டு மடங்கு. இரண்டையும் குறித்து வைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் பின்னால் நடந்ததற்கு இது வேண்டும்.

இனி தோட்டம். நான் விதைத்தவற்றுக்கு ஒவ்வொன்றாகத் தேதி உண்டு: விதை ஊறப்போட்டது, முளைவிட்டது, முதல் பூ, முதல் காய். நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தை மட்டும் வேறு ஒன்றுக்கு ஒதுக்கியிருந்தேன். அதன் தலைப்பு ‘தானாக வந்தவை’. நான் விதைக்காமலே முளைத்தவற்றின் பட்டியல் அது. 1983இல் துவைக்கும் கல்லடியில் ஒரு தக்காளி முளைத்து நாற்பத்தொரு பழம் தந்தது. 1984இல் புடலைப் பாத்தியில் ஒரு பரங்கி வந்தது. என் ஒழுங்குக்கு அடங்காமல் வந்த இந்தச் செடிகளின்மீது எனக்குத் தனிப் பிரியம். 1985 மாசியில் எருக்குழி ஓரமாக ஒரு சுரை முளைத்தது. அது படர்ந்து குளியல் மறைப்பின் கீற்றுக்கூரை மேல் ஏறிக்கொண்டது. கத்திரி வெயிலில் மற்ற செடிகள் வாடும்போதும் அது மட்டும் பச்சை குறையாமல் வெள்ளைப் பூவாகப் பூத்தது.

ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து நிலத்து மலைக்காரப் பெண் அந்தக் கொடியைப் பார்த்து நின்றாள். அவர்கள் சாமை விதைக்கிறவர்கள். எங்கள் தோட்டத்துக்கு எரு அவர்கள் மாட்டுக்கொட்டகையிலிருந்துதான் வரும். அவளுக்கு முப்பது வயதிருக்கும்.

“இத யாரு சார் வெச்சது?”

“யாரும் வெக்கல. தானா வந்துச்சி.”

“அப்ப எங்க எருவுலதான் வந்திருக்கும். எங்க வூட்ல குடுக்கைக்கின்னு ஒரு சுரை வெப்போம். விதைய எருக்குழியிலதான் தட்டிவுடறது.”

குடுக்கை என்பது முற்றிய சுரையைக் குடைந்து உலர்த்திய கூடு. அவர்கள் அதில் விதை வைப்பார்கள், தேன் வைப்பார்கள். அந்தச் சுரை சாப்பிட ஆகாது.

“பாக்கறதுக்கு நல்ல சுரை மாதிரியேதான் கீது சார். ஒண்ணும் கண்டுபுடிக்க முடியாது. அறுத்ததும் காம்புப் பக்கம் ஒரு துண்டு சீவி நாக்குல வெச்சிப் பாருங்க. கசந்தா கடாசிடணும். மாட்டுக்குக்கூடப் போடக்கூடாது. யக்கா எங்க? அதுங்கிட்டயும் சொல்லிடுங்க.”

என் மனைவி அப்போது ஓடைக்குத் துவைக்கப் போயிருந்தாள். “சொல்றேம்மா” என்றேன். அந்தப் பெண் அன்று மாலையே தன் தாய் ஊருக்குத் திருவிழாவுக்குப் போய்விட்டாள். பதினோரு நாள் கழித்து, மே 9 வியாழக்கிழமைதான் திரும்பி வந்தாள்.

நாட்குறிப்பில் ஏப்ரல் 28 பதிவு இப்படி இருக்கிறது: ‘மழை 0. எருக்குழிச் சுரை: குடுக்கை இனமாக இருக்கலாம். காம்புப் பக்கம் ஒரு துண்டு சுவைத்துப் பார்க்க. கசந்தால் எறிக. வீட்டில் சொல்ல.’ கடைசி இரண்டு வார்த்தைகளின் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். செய்து முடித்த வேலைக்கு எதிரே ஒரு டிக் போடுவது என் வழக்கம். இதற்கு எதிரே டிக் இல்லை. இதைச் சொல்ல வேண்டுமானால் நான்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். காய் அப்போது சுண்டுவிரல் அளவுதான் இருந்தது. நாள் இருக்கிறதே என்று விட்டேன்.

மே 10 காலை எட்டே காலுக்கு நான் மண்ணெண்ணெய் வாங்க ஜமுனாமரத்தூருக்கு நடந்தேன். போகும்போது கீற்றின் மேல் இரண்டு காய்கள் முழங்கை நீளத்துக்குத் தொங்கியதைப் பார்த்தேன். இன்னும் இரண்டு நாளில் அறுக்கலாம் என்று தோன்றியது. எச்சரிக்கை அப்போது நினைவுக்கு வந்ததா? இந்தக் கேள்வியைப் பலமுறை என்னிடமே கேட்டிருக்கிறேன். வந்தது. ‘இன்று சாயங்காலம் சொல்லிவிடலாம்’ என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது.

திரும்பி வரப் பன்னிரண்டு இருபது ஆனது. காற்றே இல்லை. மேற்கே மேகம் அடுப்புக்கரி நிறத்தில் திரண்டிருந்தது. வீட்டுக்குள் கற்பூர வாசனை வந்தது.

என் மனைவியின் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கொடியிலும் முதல் காயை வெள்ளிக்கிழமை சமைத்து அம்மனுக்குப் படைப்பார்கள். சமைப்பவள் காலையிலிருந்து பட்டினி. உப்பு பார்ப்பது கிடையாது, கரண்டியை உள்ளங்கையில் தட்டி நக்குவது கிடையாது. ஆத்தா வாய் வைக்கும் முன்னால் நம் வாய் படக்கூடாது. படைத்ததில் குறை சொல்லக்கூடாது, மிச்சம் வைக்கக்கூடாது, எறியக்கூடாது. ஒவ்வொரு வருடமும் இது நடக்கும். பரங்கிக்கு நடந்தது, புடலைக்கு நடந்தது. எனக்கு நன்றாகத் தெரியும். நான் எச்சரிக்கையைச் சொல்லியிருந்தால், அவள் துண்டு சீவி நாக்கில் வைத்துப் பார்த்திருக்க மாட்டாள். ஆனால் அந்தக் கொடியில் கையே வைத்திருக்க மாட்டாள்.

எனக்கு இலை போட்டாள். சோறு, அதன்மேல் பாசிப்பருப்பு போட்ட சுரைக்காய்க் கூட்டு. நான் ஒரு வாய் எடுத்தேன்.

பாகற்காயின் கசப்பு நாக்கோடு நின்றுவிடும். இது தொண்டையைப் பிடித்து உள்ளே இறங்கியது. நான் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மே 2 உப்பு, மே 6 காரம், இது மூன்றாவது என்று எண்ணினேன். வெந்தயத்தைக் கருக்கிப் போட்டிருக்கிறாள், என் வாயைத் திறக்க வைக்க, நான் திறக்க மாட்டேன். இவ்வளவும் ஒரே நொடியில் தோன்றியது. பன்னிரண்டு நாளுக்கு முன் என் கையால் எழுதிய ‘கசந்தால்’ என்ற சொல் எழவில்லை. இலையை மூடாமலே எழுந்து கை கழுவினேன்.

மொட்டைக் கழுத்துக் கோழி வாசற்படியில் நின்றது. “படையல் சோத்த மிச்சம் வெக்கிற வூடு வெளங்குமா, நீயே சொல்லு” என்று அதனிடம் கேட்டாள். பிறகு என் இலையிலேயே உட்கார்ந்தாள்.

நான் முன்னறையில் நாட்காட்டியின் கீழ் உட்கார்ந்திருந்தேன். அவள் சாப்பிடும் சத்தம் கேட்டது. நடுவில் தண்ணீர் குடித்தாள். மறுபடியும் குடித்தாள். மூன்றாம் முறையும் குடித்தாள். பிறகு சட்டியைக் கரண்டியால் வழிக்கும் சத்தம். என் பங்கு, அவள் பங்கு, படையல் இலையில் இருந்தது, எல்லாம் அதோடு தீர்ந்தது.

இரண்டு பத்துக்குக் காற்று வந்தது. மேற்கிலிருந்து வந்த முதல் வீச்சிலேயே ஓடுகள் நான்கு பறந்தன. மழைக்கு முன்னால் ஆலங்கட்டி விழுந்தது. முதலில் புளியங்கொட்டை அளவு, பிறகு கோலிக்குண்டு அளவு. நான் கோணிப்பைகளை எடுத்துக்கொண்டு ஓடினேன். கத்தரிக்கு இரண்டு போர்த்தினேன். அவை காற்றில் போய்விட்டன. வெண்டை வரிசை மொத்தமாகச் சாய்ந்தது. அப்போது கல்மேடையில் மழை டப்பா ஆடுவதைப் பார்த்தேன். கவிழ்ந்தால் ஒன்பது வருடக் கணக்கில் ஓட்டை விழும். ஓடிப்போய் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். முதுகில் ஆலங்கட்டி அடித்தது. வயிற்றில் ஒரு முறுக்கு வந்து போனது. குளிர் என்று நினைத்தேன்.

குளியல் மறைப்புக்குப் பின்னால் அவள் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. நான் டப்பாவை விடவில்லை. பட்டினி கிடந்துவிட்டு ஒரேயடியாகச் சாப்பிட்டால் இப்படித்தான் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று பக்கத்தில் இல்லை. ஐந்து நிமிடமாவது இருக்கும். பிறகு சத்தம் நின்றது. நின்றதுதான் என்னைத் திரும்ப வைத்தது.

அவள் சுவரைப் பிடித்தபடி தரையில் சரிந்திருந்தாள். சேலை முழுக்க நனைந்திருந்தது, பின்பக்கம் பேதியில் கெட்டிருந்தது. காலடியில் குவிந்திருந்த ஆலங்கட்டிகளுக்கு நடுவே சிவப்பாக இருந்தது. நான் டப்பாவை விட்டேன். அது கவிழ்ந்து உருண்டது.

“இன்னாம்மே? இன்னா ஆச்சு?”

பதினாறு நாளில் நான் அவளிடம் பேசிய முதல் சொற்கள். அவள் வயிற்றைக் காட்டினாள். பேச்சு வரவில்லை. தூக்கி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். கை சில்லிட்டிருந்தது. மறுபடி வாந்தி, மறுபடி ரத்தம்.

மூன்று மணிக்கு, தலையில் கோணியைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு பக்கத்து நிலத்துப் பெண் மழையில் ஓடிவந்தாள். கையில் பாதிச் சுரைக்காய் இருந்தது. காலையில் என் மனைவி இரண்டு காய்களையும் அறுத்து, எரு கொடுத்த வீடு என்று ஒன்றை அவர்களுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அவர்கள் வீட்டில் காயை அரிவாள்மணையில் வைத்ததும் காம்புத் துண்டை நாக்கில் வைக்காமல் மேலே போக மாட்டார்கள்.

“சார், கசக்குது சார். சமைச்சிடாதீங்கன்னு சொல்ல வந்தேன். சோறு துன்னுட்டீங்களா?”

நான் உள்ளே கை காட்டினேன். அவள் எட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“நான்தான் அன்னிக்கே சொன்னேனே. யக்காகிட்ட நீங்க சொல்லலியா?”

நான் அவள் கையிலிருந்த காயைப் பார்த்தேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, “எங்க வூட்டுக்காரர இட்டாரேன்” என்று வந்த வழியே ஓடினாள்.

நாலு மணி பஸ் வராது என்பது தெரிந்துவிட்டது. சாலையில் புளியமரம் விழுந்திருப்பதாக அவளுடைய கணவன் வரும்போதே சொன்னான். அவனும் அவன் தம்பியும் ஒரு மூங்கில் கழியில் கம்பளியைக் கட்டித் தூளி செய்தார்கள். என் மனைவியை அதில் கிடத்தித் தோளில் ஏற்றினார்கள். அந்தப் பெண் பாதிச் சுரைக்காயை மடியில் கட்டிக்கொண்டு கூடவே வந்தாள். டாக்டருக்குக் காட்ட வேண்டும் என்று அவளுக்குத்தான் தோன்றியது. நாங்கள் தோட்டத்து வழியாக வெளியேறினோம். வெண்டை, கத்தரி, பாகல் பந்தல் எல்லாம் சேற்றோடு கிடந்தன. கீற்றைச் சுற்றிப் பிடித்திருந்த சுரைக்கொடி மட்டும் இலை கிழிந்து, மூன்று பிஞ்சுகளோடு அப்படியே இருந்தது.

வழியில் நான் குடையை விரித்துத் தூளிக்கு மேலே பிடிக்கப் பார்த்தேன்.

“வாத்தியாரே, அத மடக்கு” என்றான் முன்னால் தூக்கியவன். “காத்து உன்னத் தூக்கிகினு போச்சின்னா உன்னையும் நாங்கதான் தேடித் தூக்கணும். எங்களுக்குத் தோளு ரெண்டுதான் கீது.”

அவன் தம்பி சிரித்தான். இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டே நடந்தார்கள். விழுந்த புளியமரத்தைத் தாண்டும்போது கழியைத் தலைக்கு மேலே உயர்த்தி, கிளைகளுக்கு நடுவே ஒவ்வொரு காலாக வைத்து ஏறினார்கள். நான் அடியில் கைகொடுத்தேன். கம்பளி வழியாக அவள் முதுகு என் உள்ளங்கையில் பட்டது. நடுங்கிக்கொண்டிருந்தது.

தூளிக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. தெளிவில்லாமல் ஆரம்பித்து, பிறகு தெளிவாக.

“தாயே, நான் இன்னா கொற வெச்சேன்? கோவத்தோட ஒல வெச்சேன். அதான. கோவத்தோடதான ஒல வெச்சேன். எம் பொண்ண ஒண்ணும் பண்ணிடாத தாயே.”

பக்கத்தில் நடந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சாலையைப் பார்த்து நடந்தேன். அந்த ஐந்து கிலோமீட்டரில் என் மனைவி அதையே பல முறை சொன்னாள். இந்த ஒன்றை மட்டும் நான் எண்ணவில்லை.

ஐந்து ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி வந்தோம். டாக்டர் இளைஞர். கையில் நாடி கிடைக்காமல் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். நர்ஸம்மா பாட்டிலைத் தொங்கவிட்டு ஊசி குத்த நரம்பு தேடினார். மூன்றாம் முறைதான் கிடைத்தது.

“இன்னா சாப்ட்டாங்க?”

அந்தப் பெண் மடியை அவிழ்த்துக் காயை நீட்டினாள். டாக்டர் அதன் வெட்டுவாயை விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, ஜன்னலுக்குப் போய்த் துப்பினார்.

“இதையா? எவ்ளோ?”

“முழுசும்” என்றேன்.

“நீங்க?”

“ஒரு வாய்.”

“கசக்கலியா உங்களுக்கு?”

“கசந்தது.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். “கசந்தப்புறம் அவங்கள ஏன் சாப்பிட வுட்டீங்க?”

அவர் திட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் உப்பு, காரம் இரண்டின் தேதியும் இருந்தன. அவற்றை அந்த அறையில் சொல்ல முடியவில்லை. அவர் மறுபடி எழுதத் தொடங்கினார்.

“கொடல்ல புண்ணாயிருக்கும். பிரஷர் ரொம்பக் கீழ கீது. காலைல வரைக்கும் தாங்கினாங்கன்னா பாக்கலாம். கீழ கொண்டு போவச் சொல்லலாம், ஆனா ரோடு இல்ல.”

இரவைப் பற்றி அதிகம் இல்லை. மூன்று பாட்டில் ஏறியது. பத்தரைக்கு மேல் வாந்தி இல்லை. தூக்கி வந்த இருவரும் மழை நின்றதும் சாமை வைத்த கொட்டகையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். அந்தப் பெண் மட்டும் கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். விடியும் முன் ஒருமுறை, எழுந்து வெளியே போகும்போது, என்னிடம் சொன்னாள்.

“யக்கா என்னக் கேட்டுச்சின்னா நான் பொய் சொல்ல மாட்டேன் சார்.”

“பொய் வேணாம்” என்றேன்.

“நானா சொல்லவும் மாட்டேன்.”

மே 11, சனிக்கிழமை. ஆறரைக்கு டாக்டர் வந்து கையிலேயே நாடி பிடித்துப் பார்த்துத் தலையசைத்தார். ஏழு மணி ஆனது. அந்த நேரத்தில் நான் ஸ்கேலோடு கல்மேடைக்கு முன்னால் நிற்க வேண்டியவன். ஒன்பது வருடத்தில் மழைக் கட்டம் காலியாக விழுந்த முதல் நாள் அது. நான் கட்டிலோரம் இருந்தேன். அவள் கண்ணைத் திறந்தாள். உதடு வெடித்திருந்தது. பஞ்சை நனைத்து வைத்தேன். கூரையைப் பார்த்தபடி பேசினாள். கோழியிடம் பேசுகிற குரல் இல்லை, என்னிடம் பேசுகிற குரல்.

“கசந்துச்சிங்க. மொத வாயிலயே கசந்துச்சி. ஆத்தா குடுத்தத எப்படித் துப்பறது? மனசுல உங்கமேல கோவத்த வெச்சிகினு படைச்சேன், அதான் தண்டிச்சிட்டா. பொண்ணுக்கு இன்னா ஆவுமோ.”

பஞ்சைக் கிண்ணத்தில் வைத்தேன். இந்த முறை தள்ளிப்போடாமல் சொன்னேன்.

“ஆத்தா ஒண்ணும் பண்ணல. நீ ஒரு கொறையும் வெக்கல. அது குடுக்கச் சொர. அறுத்தா காம்புப் பக்கம் ஒரு துண்டு நாக்குல வெச்சிப் பாக்கணும்னு அவங்க எங்கிட்ட முன்னாடியே சொன்னாங்க. உங்கிட்டயும் சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லல. எழுதி மட்டும் வெச்சிகினேன்.”

கால்மாட்டில் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. பாட்டிலிலிருந்து சொட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“என்னிக்கி எழுதனீங்க?”

“ஏப்ரல் இருபத்தெட்டு. ஞாயித்துக்கெழம.”

“படையல் வெச்சது என்னிக்கி?”

“நேத்து. மே பத்து.”

ஊசி குத்தாத கையைப் போர்வைக்கு வெளியே எடுத்தாள். கட்டைவிரலால் விரல்கணுக்களைத் தொட்டுத் தொட்டு, நடுவில் ஒருமுறை விட்டுப்போய் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்து, எண்ணி முடித்தாள்.

“பன்னெண்டு நாளு” என்றாள்.